இலையில் ஒரு கண்

அதை முதலில் கண்டவள் நான்தான் என்று நீண்ட நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

டிசம்பர் விடுமுறையின் கடைசி வாரம் அது. வாப்பாவுக்குப் பகல் சோறு எடுத்துக்கொண்டு சாச்சாவின் மோட்டார் சைக்கிளில் வயலுக்குப் போயிருந்தேன். எங்கள் ஊர் கடலோரத்தில் இருக்கிறது. வயல் இறக்காமம் பக்கம். வாப்பா வாடியில் சாப்பிட்டுக்கொண்டிருக்க, நான் வரம்பில் குந்தியிருந்து நெல் இலையொன்றை விரலால் நீவிக்கொண்டிருந்தேன். அந்த இலையில் ஒரு புள்ளி இருந்தது. வெறும் புள்ளியல்ல. இரண்டு முனையும் கூராக, நடுப்பகுதி அகன்று, கபில நிற ஓரம் கட்டி, உள்ளே சாம்பல் நிறமாக, சுர்மா இட்ட கண்ணைப் போல இருந்தது.

எனக்கு அது பிடித்துப்போனது. நான் உயர்தரத்தில் கலைப்பிரிவு மாணவி. எதைக் கண்டாலும் கொப்பியில் எழுதிவைக்கும் பழக்கம் எனக்கு உண்டு. அந்த இலையைக் கிள்ளிக் கொப்பிக்குள் வைத்து மூடினேன். "இலைக்கும் கண் திறந்தது" என்று அதன் கீழே எழுதினேன். வாப்பாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய விடயமாக அது தோன்றவே இல்லை.

எங்கள் வயல் மூன்று ஏக்கர். ஒன்றரை ஏக்கர் சொந்தம், மீதி குத்தகை. அந்தப் பெரும்போகத்துக்கு முன்பு உம்மா தன் இரண்டு காப்புகளையும் கழற்றிக் கொடுத்தார். அவை அடகுக்குப் போய் விதைநெல்லாகவும் உழவுக் கூலியாகவும் பசளையாகவும் மாறின. அறுவடை முடிந்ததும் காப்பை மீட்பது, மிஞ்சும் காசில் ராத்தாவுக்குக் கட்டிவந்த வீட்டுக்குக் கூரை போடுவது என்பது வாப்பாவின் கணக்கு. எங்கள் பகுதியில் பெண்பிள்ளைக்கு வீடு கொடுக்க வேண்டும் என்பது வழக்கம். அது சரியா பிழையா என்பது வேறு கட்டுரைக்குரிய விடயம். ராத்தாவின் வீட்டுச் சுவர்கள் இரண்டு மழைக்காலம் கூரையின்றி நின்று பாசி பிடித்துப் போயிருந்தன என்பதை மட்டும் இங்கே சொல்லிவைக்கிறேன்.

இரசாயனப் பசளைக்கு 2021 ஆம் ஆண்டு தடை வந்ததையும், அதன்பின் யூரியா ஒரு மூடைக்கு வாப்பா அலைந்த அலைச்சலையும் எங்கள் வீடு மறக்கவில்லை. அதனாலோ என்னவோ, யூரியா கையில் கிடைத்த அந்தப் போகத்தில் வாப்பா தாராளமாகவே வீசினார். பயிர் கரும்பச்சையாக எழும்பியது. வீதியால் போவோர் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். மாஷா அல்லாஹ் என்றார்கள்.

தை பிறந்தது. நவம்பரிலும் டிசம்பரிலும் கொட்டித் தீர்த்த அடைமழை ஓய்ந்து, வானம் ஒரு மாதிரி இளகிய நிலைக்கு வந்தது. இரவில் நட்சத்திரம் தெரியும். சுபஹுக்கு எழும்பினால் முற்றத்து மணல் நனைந்திருக்கும், ஆனால் மழை பெய்திருக்காது. விடிந்த பிறகும் சூரியன் வர மாட்டான். மேகமும் மூடுபனியும் பத்து மணிவரை கிடக்கும். இடைக்கிடை தூறல் ஒன்று, முகத்தில் பன்னீர் தெளித்ததைப் போல விழும். இப்படி ஏறக்குறைய இரண்டு கிழமை. வெயிலில் காய்ந்து பழகிய எங்கள் ஊருக்கு அது நுவரெலியா வந்து சேர்ந்த மாதிரி. உம்மா பெட்டியிலிருந்து போர்வைகளை எடுத்தார். நான் கவிதை எழுதினேன். எங்கள் தமிழ் இலக்கிய மன்றத்தின் கையெழுத்துச் சஞ்சிகைக்காக எழுதிய அந்தக் கவிதையின் தலைப்பு 'பனி'. பயிரின் தலையை இரவெல்லாம் தடவிக்கொடுக்கும் தாய் என்று பனியைப் பாடியிருந்தேன். டீச்சர் மிக நன்று என்று சிவப்பு மையால் எழுதினார்.

எங்கள் மூத்தவாப்பாவுக்கு மட்டும் அந்தக் குளிர் பிடிக்கவில்லை. வயது காரணமாக இருக்கும் என்று நினைத்தோம். அவர் திண்ணையில் இருந்தபடி, "தைப் பனி தரையைத் துளைக்கும் எண்டு சும்மாவா சொன்னாங்க? அடைமழைக்குப் பயிர் சாகாது. இந்த மந்தாரம்தான் கூடாது" என்றார். வாப்பா கேட்டுக்கொண்டார். நான் கவிதையைச் சுத்தப்பிரதி எடுத்துக்கொண்டிருந்தேன்.

ஜனவரி கடைசியில் குடலை வெடித்துக் கதிர் வந்தது. பெப்ரவரி முதலாம் கிழமை வாப்பா ஒரு நாள் அஸருக்கு முன்பே வீட்டுக்கு வந்துவிட்டார். அவர் அந்த நேரத்துக்கு வருகிறவரல்ல. கையில் நாலைந்து கதிர்கள். மேசையில் வைத்தார். கதிர்கள் வெள்ளையாக இருந்தன. முற்றிய நெல்லின் பொன்னிறமல்ல, காகிதத்தின் வெள்ளை. உம்மா ஒரு மணியை நசுக்கிப் பார்த்தார். உள்ளே ஒன்றும் இல்லை. கதிர் தாளோடு சேரும் கழுத்துப் பகுதியில் கறுப்பாக ஒரு வளையம், யாரோ தீக்குச்சியால் சுட்டதைப் போல.

"பயிர் போயிட்டு," என்றார் வாப்பா. அவ்வளவுதான்.

மறுநாள் விவசாயப் போதனாசிரியர் வயலுக்கு வந்தார். நானும் போனேன். அவர் கதிரைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு, குனிந்து பயிரின் அடியில் இருந்த பழைய இலைகளை விலக்கினார். ஒன்றைப் பிடுங்கி வாப்பாவிடம் நீட்டினார். "இது எரிபந்தம். முதலில் இலையில் வந்திருக்கிறது. பிறகு கதிரின் கழுத்துக்கு ஏறியிருக்கிறது. இந்தா, கண் மாதிரி இருக்குதே, இதுதான் அடையாளம்."

அவர் நீட்டிய இலையில் என் கொப்பிக்குள் இருந்த அதே கண்.

எனக்குக் காலின் கீழே வரம்பு சரிந்ததைப் போல இருந்தது. கழுத்தில் பிடித்த பிறகு செய்வதற்கு ஒன்றும் இல்லை என்று அவர் வாப்பாவுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். கதிருக்குத் தண்ணீரும் உணவும் போகிற வழி அந்தக் கழுத்துத்தான். அது கருகினால் மேலே உள்ள மணிகள் பால்கூடப் பிடிக்காமல் பதராகிவிடும். மருந்து அடிப்பதென்றால் கதிர் வெளிவருகிற வேளைக்கு முன்பின்னாக அடித்திருக்க வேண்டும். இலையில் புள்ளி கண்ட உடனே யூரியாவையும் நிறுத்தியிருக்க வேண்டும். தழைச்சத்து மிஞ்சினால் இலை மெதுமையாகி, இந்த நோய்க்கு வசதியாகிவிடும். "இலையில் எப்போ கண்டீங்க?" என்று கேட்டார். வாப்பா பதில் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

அன்றிரவு நித்திரை வரவில்லை. அடுத்த நாள் பாடசாலைக்குப் போனதும் உயிரியல் படிக்கும் என் தோழியிடம் விடயத்தைச் சொன்னேன். அவள் என்னைத் தன் உயிரியல் ஆசிரியையிடம் கூட்டிப்போனாள். டீச்சர், புள்ளி விழுந்த புதிய இலைகள் சிலவற்றை வயலிலிருந்து கொண்டுவரச் சொன்னார். கொண்டுபோனோம். ஒன்றை உலர்ந்த கடதாசியில் வைத்தார். மற்றொன்றை, நனைத்த பஞ்சு விரித்த கண்ணாடித் தட்டில் வைத்து மூடினார். "நாளைக்குப் பார்ப்போம்," என்றார்.

மறுநாள் காலை நுணுக்குக்காட்டியில் முதலில் உலர்ந்த இலையைக் காட்டினார். செத்த இழையங்களைத் தவிர அதில் சொல்லும்படி எதுவும் இல்லை. பிறகு ஈரத்தில் கிடந்த இலையிலிருந்து சுரண்டி எடுத்ததை வைத்தார். நான் கண்ணை வைத்தேன். பேரிக்காய் வடிவில், ஒவ்வொன்றும் மூன்று அறைகளாகப் பிரிந்த சின்னஞ்சிறு வித்திகள். எண்ண முடியாத அளவு. சாம்பல் நிறம் என்று நான் ரசித்த அந்தக் கண்ணின் நடுப்பகுதியில் இரவோடிரவாக முளைத்தவை அவை. இரண்டு இலைக்கும் இடையில் இருந்த வித்தியாசம் ஓர் இரவின் ஈரம் மட்டும்.

"உங்கட வயலில் இரண்டு கிழமை நடந்தது இதுதான்," என்றார் டீச்சர்.

அதன் பிறகு நான் தேடித் தேடிப் படித்தேன். டீச்சரிடமும் போதனாசிரியரிடமும் கேட்டுக் கேட்டுக் கொப்பியில் குறித்தேன். தோழிகளே, விஞ்ஞானம் படிக்காத ஒருத்தி விளங்கிக்கொண்ட விதத்திலேயே அதை உங்களுக்குச் சொல்கிறேன்.

எரிபந்தத்தை உண்டாக்குவது ஒரு பங்கசு. அதன் வித்திகள் பெரும்பாலும் இரவில்தான், நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடைப்பட்ட நேரத்தில், புள்ளியிலிருந்து கழன்று காற்றில் ஏறுகின்றன. போய் விழுகிற இலை உலர்ந்திருந்தால் வித்தியால் ஒன்றும் செய்ய இயலாது. இலையில் நீர் ஒரு மென்படலமாக இருக்க வேண்டும். அது இருந்தால் சில மணி நேரத்தில் வித்தி முளைத்து, குழாய் ஒன்றை நீட்டி, அதன் நுனியில் சிறு குமிழி ஒன்றைக் கட்டி, இலையோடு ஒட்டிக்கொள்கிறது. அந்தக் குமிழிக்குள் நீர் ஏறி ஏறி உண்டாகும் அமுக்கம் ஏறத்தாழ 80 வளிமண்டலம் என்று அளந்திருக்கிறார்கள். ஒரு காரின் ரயருக்குள் இருக்கும் அமுக்கத்தைப் போல 40 மடங்கு வரும். கண்ணுக்குத் தெரியாத ஓர் உயிர் அந்த அமுக்கத்தைக் கொண்டு இலையின் தோலை ஊசியாகத் துளைத்துக்கொண்டு உள்ளே போகிறது.

இதற்கு நேரம் வேண்டும். அதுதான் எல்லாவற்றிலும் முக்கியமானது. இலை தொடர்ச்சியாகப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் ஈரமாக இருந்து, வெப்பநிலையும் 25 முதல் 28 பாகை செல்சியஸ் அளவில் அமைந்தால் பங்கசுக்கு அது பெருநாள். இரவு அதைவிடக் குளிர்ந்தாலும் ஈரம் நீடித்தால் அது காரியத்தை முடித்துவிடும். ஆனால் இடையில் வெயில் வந்து இலையைக் காயவைத்துவிட்டால், முளைத்தும் உள்ளே நுழையாத வித்தி அப்படியே காய்ந்து செத்துவிடும். ஆகவே, பனி விழுவது மட்டுமல்ல, விழுந்த பனி எத்தனை மணிக்குக் காய்கிறது என்பதுதான் பயிரின் தலையெழுத்து.

இப்போது அந்தத் தை மாதத்தை நினைத்துப் பாருங்கள். இரவில் வானம் தெளிவு. தெளிந்த வானத்தின் கீழ் இலை தன் வெப்பத்தை விரைவாக இழந்து, சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துபோகும். காற்றிலுள்ள நீராவி அதன்மேல் பனியாகப் படியும். காலையில் வானம் மூட்டம். வெயில் இல்லாததால் பனி காயாது. இடையில் விழும் தூறல் இலையை மறுபடி நனைத்துவிடும். இரவும் பகலும் கூடிச் சதி செய்ததைப் போல ஈரம் நீண்டுகொண்டே போனது. கொட்டும் பெருமழை வித்திகளைக் கழுவி நிலத்தில் சேர்த்துவிடும். தூறலும் பனியும் அவற்றைக் கழுவுவதில்லை, முளைக்க வைக்கின்றன. மூத்தவாப்பா திண்ணையில் இருந்து சொன்னதும் இதுதான். அவரிடம் நுணுக்குக்காட்டி இல்லை, எழுபது வருட மார்கழிகளும் தைகளும் இருந்தன.

உள்ளே நுழைந்த பங்கசு நாலைந்து நாட்களில் புதிய புள்ளியாக வெளியே தெரியும். அந்தப் புள்ளி ஈரமான ஒவ்வோர் இரவிலும் ஆயிரக்கணக்கான வித்திகளை விடும். என் கொப்பிக்குள் போன அந்த ஒரு கண்ணை விட்டுவிடுங்கள். அதன் பக்கத்தில் நான் கிள்ளாமல் விட்டவை எத்தனை இருந்திருக்கும்! டிசம்பர் கடைசியிலிருந்து கதிர் வரும்வரை நான்கு கிழமைகள். பெருக்கல் கணக்கை நான் செய்து பார்க்கவில்லை. பயமாக இருந்தது.

இன்னொன்றும் என்னை யோசிக்க வைத்தது. இந்த நோய்க்கு மனிதர்கள் வைத்த பெயர்களிலெல்லாம் சூடு இருக்கிறது. நாம் எரிபந்தம் என்கிறோம். இத்தாலிய விவசாயிகள் 'புரூசோனே' என்கிறார்கள். எரிதல் என்ற சொல்லிலிருந்து வந்தது அது. சீனாவில் 1637 ஆம் ஆண்டு வெளிவந்த நூலொன்றில் நெல்லின் காய்ச்சல் என்று ஒரு நோய் குறிப்பிடப்பட்டுள்ளது. அது இதுதான் என்று கருதுகிறார்கள். பார்ப்பதற்கு எரிந்ததைப் போல இருப்பதால் எல்லோரும் நெருப்பைத்தான் சந்தேகித்திருக்கிறார்கள். உண்மையில் அது தண்ணீரின் வேலை. அதுவும் மிக மெல்லிய தண்ணீரின் வேலை.

வானிலையும் பங்கசும் கைகோத்து மனிதர்களின் வாழ்க்கையை மாற்றியது எங்கள் மூன்று ஏக்கரில் மட்டும் நடந்ததல்ல. வங்காளத்தில் 1942 ஆம் ஆண்டு நெல் விளையும் பருவத்தில் மழையும் மூட்டமும் நீடித்தபோது, வேறொரு பங்கசினால் வரும் கபிலப்புள்ளி நோய் வயல்களில் பரவியது. அடுத்த ஆண்டு அங்கே வந்த பெரும் பஞ்சத்தில் 20 முதல் 30 இலட்சம் பேர்வரை இறந்ததாக மதிப்பிடுகிறார்கள். போர், விலையேற்றம், ஆட்சியாளரின் தவறுகள் என்று அந்தப் பஞ்சத்துக்குப் பல காரணங்கள் உண்டு. சிறுவனாக அதைக் கண்ணால் கண்ட அமர்த்தியா சென், உணவு குறைந்ததைவிட அதை வாங்கும் சக்தி ஏழைகளிடம் இல்லாமற் போனதே பெரிய காரணம் என்று பின்னாளில் எழுதினார். பங்கசு மட்டும் பஞ்சத்தைக் கொண்டுவருவதில்லை. ஏற்கெனவே நொந்திருக்கும் வீட்டின் கதவைத்தான் அது தட்டுகிறது.

நம் நாட்டின் கோப்பித் தோட்டங்களும் ஒரு பங்கசினால்தான் அழிந்தன. 1869 இல் தென்பட்ட கோப்பித் துரு நோயை ஆராய 1880 இல் இங்கே வந்த மார்ஷல் வார்ட் என்பவர், அதன் வித்திகள் காற்றில் பரவுவதையும் இலையின் ஈரத்தில் முளைப்பதையும் கண்டு எழுதினார். கோப்பி போய்த் தேயிலை வந்தது. கோப்பி தானியமல்லத்தான். ஆனாலும் இலை, காற்று, ஈரம் என்ற அதே மூன்றும் அங்கேயும் இருந்தன. அண்மையில், 2016 இல், எங்கள் நெல்லைப் பிடித்த பங்கசின் உறவுக்காரன் ஒன்று பங்களாதேஷில் கோதுமையைப் பிடித்தது. கதிர் வரும் வேளையில் வழமைக்கு மாறான சூடும் மழையும் சேர்ந்ததில் ஏறக்குறைய 15,000 ஹெக்டயர் பாதிக்கப்பட்டது. பருவங்கள் தடம் மாறும் காலத்தில், முன்பு வராத இடத்துக்கு நோய் வருவது புதுமையில்லை என்பதை அந்தச் செய்தி எனக்கு உணர்த்தியது.

எங்கள் வயலில் ஏக்கருக்கு 30 மூடை எதிர்பார்த்த இடத்தில் 11 மூடைதான் வந்தது. வெட்டு மெசினுக்குக் கூலி கொடுத்து, குத்தகை கொடுத்து, கடைக் கடன் கொடுத்தபோது கை வெறுமையானது. உம்மாவின் காப்பு மீளவில்லை. ராத்தாவின் வீட்டுக்குக் கூரை வரவில்லை. ராத்தா ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் எனக்குப் பெரிய வேதனை. அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மார்ச் மாதத்தில் ஒரு நாள், அறுத்த வயலைப் பார்க்க வாப்பாவோடு போனேன். வாடியில் இருந்தோம். கொப்பியை எடுத்து, காய்ந்து நிறம் மாறிப்போன அந்த இலையைக் காட்டினேன். தேதி எழுதியிருந்தேன். டிசம்பர் 27.

"வாப்பா, இதை நான் அன்றைக்கே கண்டேன். வடிவா இருந்தது எண்டு எடுத்து வெச்சேன். உங்களிட்டச் சொல்லல்ல."

வாப்பா இலையை வாங்கிப் பார்த்தார். அதன் கீழே நான் எழுதியிருந்ததை எழுத்துக் கூட்டி வாசித்தார். வெகுநேரம் பேசவில்லை. பிறகு வயலைப் பார்த்தபடியே சொன்னார்:

"நானும் கண்டன் மகள். உனக்கு முன்னயே கண்டன். மழைக்குப் புள்ளி விழுறதுதானே எண்டு விட்டுட்டன். பச்சை குறையிற மாதிரி இருந்திச்சு, இன்னும் ரெண்டு பங்கு யூரியா வீசினன். போதனாசிரியர் கேட்டப்ப வெட்கத்தில வாய் வரல்ல."

அன்று போதனாசிரியரின் கேள்விக்கு வாப்பா ஏன் மௌனமாக நின்றார் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஒரே புள்ளியை இரண்டு பேர் கண்டிருக்கிறோம். ஒருத்தி அழகு என்று வைத்துக்கொண்டாள். ஒருவர் பழக்கம் என்று விட்டுவிட்டார். கண்டதை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டிருந்தால் யாரிடமாவது கேட்கவேண்டும் என்ற எண்ணமாவது வந்திருக்கும். முழுவதையும் காப்பாற்றியிருப்போம் என்று சொல்ல மாட்டேன். போதனாசிரியரும் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் அந்த இரண்டு பங்கு யூரியா போயிருக்காது. கதிர் வரும் நேரத்தில் கண்விழித்திருப்போம்.

அடுத்த பெரும்போகத்தில் ஒரு புதிய கொப்பி வாங்கினோம். கவிதைக்கல்ல. இரண்டு நிரல்கள் மட்டும்: ஈரம் தொடங்கிய நேரம், ஈரம் காய்ந்த நேரம். யானைக் காவலுக்காக வாப்பா இரவில் வாடியில்தான் தங்குவார். டோர்ச்சோடு வரம்பைச் சுற்றும்போது இலையைப் புறங்கையால் தொட்டுப் பார்ப்பார். எப்போது நனைகிறதோ அந்த நேரத்தை நினைவில் வைத்துக்கொள்வார். காலையில் வெயில் ஏறி இலை காய்ந்ததும் எனக்கு அழைப்பெடுத்து இரண்டையும் சொல்வார். பாடசாலை நாளில் உம்மா குறித்துவைப்பார். உம்மாவின் எழுத்து என்னுடையதைவிட அழகு என்பதை அந்தக் கொப்பியில்தான் கண்டேன்.

"பத்தரைக்கு நனைஞ்சது, ஏழே முக்காலுக்குக் காஞ்சது." ஒன்பதேகால் மணித்தியாலம். பரவாயில்லை. "ஒன்பதுக்கு நனைஞ்சது, எட்டரைக்கும் காயல்ல." பதினொன்றரைக்கு மேல். அந்த எண்ணுக்கு உம்மா கீழே கோடு போடுவார். அப்படி மூன்று நாள் தொடர்ந்து கோடு விழுந்தால், நாலாம் நாளிலிருந்து வாப்பா வரம்புகளில் குனிந்து இலைகளைத் தேடுவார். வேறு வேலைகளும் செய்தோம். யூரியாவைப் போதனாசிரியர் சொன்ன அளவுக்கு, பங்கு பங்காகப் பிரித்துப் போட்டோம். முந்திய போகத்து நோய் பிடித்த வைக்கோலை வயலில் விடவில்லை. மில்லிலிருந்து கருக்கிய உமி கொண்டுவந்து கலந்தோம். உமியிலுள்ள சிலிக்கா இலையின் தோலை உரமாக்குமாம். வயலில் தண்ணீர் வற்றாமல் வக்கடையைக் கவனித்தோம். தாகத்தில் வாடிய பயிரை இந்த நோய் இலகுவாகப் பிடிக்குமாம்.

ஜனவரி நடுப்பகுதியில் நான்கு நாள் தொடர்ந்து கோடு விழுந்தது. ஐந்தாறு நாள் கழித்து, மேற்கு மூலையில் மருதமர நிழல் விழுகிற இடத்தில் வாப்பா ஏழெட்டு இலைகளில் கண்களைக் கண்டார். நிழலில் பனி பிந்தித்தான் காயும் என்பதால் அங்கேதான் முதலில் தேடியிருந்தார். அன்றே போதனாசிரியருக்கு அறிவித்தார். கதிர் தலைகாட்டும் வேளையில், அவர் சொன்ன மருந்தை அவர் சொன்ன அளவில் தெளித்தோம்.

அந்தப் போகம் ஏக்கருக்கு 26 மூடை கண்டது. அல்ஹம்துலில்லாஹ். எங்கள் கொப்பிதான் காப்பாற்றியது என்று பெருமை பேச என்னால் முடியாது. அந்த வருடம் பிற்பகுதி ஜனவரியில் நல்ல வெயிலும் அடித்தது. வானத்தின் பங்கு எவ்வளவு, எங்கள் பங்கு எவ்வளவு என்று பிரித்தறிய வழியில்லை. வானத்தை மாற்ற எங்களால் இயலாது; அது இறைவனின் ஆட்சி. அதைக் கவனிப்பது எங்கள் கடமை. உம்மாவின் ஒரு காப்பு மீண்டது. மற்றது இன்னும் அடகில்தான் இருக்கிறது. ராத்தாவின் வீட்டுக்குப் பாதிக்குக் கூரை வந்திருக்கிறது. மழை பெய்தால் எல்லோரும் அந்தப் பாதியில்தான் நிற்கிறோம்.

என்னுடைய 'பனி' கவிதை அந்தக் கையெழுத்துச் சஞ்சிகையில் இன்னும் இருக்கிறது. எடுத்துவிடச் சொல்லலாமா என்று டீச்சரிடம் கேட்டேன். "ஏன் எடுக்க வேண்டும்? பனி அழகில்லையா?" என்று கேட்டார். அழகுதான். இப்போதும் தை மாதத்தில் சுபஹுக்குப் பிறகு முற்றத்தில் இறங்கி நிற்பேன். செம்பரத்தை இலையில் பனி முத்து முத்தாக இருக்கும். முன்பு போலவே மனம் நிறையும். பிறகு புறங்கையால் இலையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, உள்ளே போய் மணிக்கூட்டைப் பார்ப்பேன்.